சிவப்பு மூடி எந்த டப்பிக்கு

மன்னிச்சுக்கோடி, இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். இரண்டு முறை சோப்புப் போட்டும் என் கையில் விளக்கெண்ணெய் வாடை போகவில்லை. நீ செத்துப்போன பிறகு, இந்த இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் உன் இன்ஜினை ஓட்டினேன்.

நாளைக் காலை உன் குட்டி விமானத்தை நான் பறக்கவிட வேண்டும். உன் அம்மா கேட்டுவிட்டார்கள். காலேஜ் நாட்களில் எத்தனை கூப்பிட்டும் மைதானத்துக்கு வராதவர்கள். "என் பிள்ளைக்கு வெளக்கெண்ணெய் குடுத்தாலும் ஓட்டம், இன்ஜினுக்குக் குடுத்தாலும் ஓட்டம்" என்று காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் நின்று கேலி செய்வார்களே, அதே அம்மா. போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்து, "அது மேல போறத ஒரு தடவ பாத்துடறேன்மா" என்று விமானத்தையும் உன் பெட்டியையும் கொடுத்தார்கள்.

பெட்டியில் மூன்று மாத்திரை டப்பிகள், ஒவ்வொன்றிலும் இன்ஜினைப் பற்றவைக்கும் ஒரு குளோ பிளக். மூடிகளில் உன் நெயில் பாலிஷ்: சூட்டு ரகத்துக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு ரோஸ், குளிர் ரகத்துக்கு நீலம். அந்த ஏற்பாட்டுக்குக் காரணமே நான்தான். காலேஜ் போட்டிக்கு ஆசை ஆசையாக ஒரு பிளக் வாங்கி வந்தேனே, பந்தய இன்ஜின்களுக்கான குளிர் ரகம்! நாம் ஊற்றியதோ வெறும் மெத்தனாலும் விளக்கெண்ணெயும்; அதற்குச் சூட்டு ரகம்தான் அணையாமல் நிற்கும். பிளக்கைச் சூடாக்கும் பேட்டரி கிளிப் மாட்டியிருந்தவரை இன்ஜின் உறுமியது. கழற்றியதும் பிளக்கின் கம்பிச்சுருள் அணைந்து நின்றுவிட்டது. நான் விடாமல் மறுபடி மறுபடி மாட்டினேன். "கிளிப்போடயே பறக்க விடப்போறியா? பேட்டரிக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றாய். அன்று சாயங்காலமே போய் நெயில் பாலிஷ் வாங்கினாய்.

இன்று மத்தியானம் நான் தக்காளி நறுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் என் மகள் டப்பிகளைத் திறந்து, பிளக்குகளைத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள். முதலில் அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், பிறகுதான் பிளக்கை எண்ணினேன். மூன்றும் இருந்தன. எது எது என்பதுதான் போயிற்று. மேலே பொறித்த எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. பேட்டரியில் மாட்டினால் மூன்றும் ஒரே மாதிரிச் சிவக்கின்றன.

கேட்க நீ இல்லை. குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். விமானத்தின் வாலைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினேன். முதல் பிளக்: கிளிப்பை எடுத்ததும் இன்ஜின் நின்றது. இரண்டாவது: ஓடியது, ஆனால் சத்தம் தளர்ந்து இறங்கியது. மூன்றாவதில் என் கை கிளிப்பை விட்டு வர மறுத்தது. இதுவும் நின்றுவிட்டால்? "எடுடி, எவ்ளோ நேரம் புடிச்சிட்டே நிப்ப?" என்று நீ அதட்டுவாயே, அதை நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எடுத்தேன். சத்தம் ஒரு துளி இறங்கவில்லை.

கீழ்வீட்டு அங்கிள் ஜன்னல் வழியே கத்தினார். "ஏன்மா, கொசுப் புகையா?"

"இல்ல அங்கிள், ஏரோப்ளேன்!"

அந்த மூன்றாவது பிளக்கின் டப்பிக்குச் சிவப்பு மூடியை நானே போட்டுவிட்டேன். நாளைக்கு உன் அம்மாவை எனக்குப் பின்னால், புரொப்பெல்லர் எட்டாத தூரத்தில் நிறுத்திக்கொள்வேன். கிளிப்பை எடுக்க இனி என் கை தயங்காது. ரோஸும் நீலமும்கூடச் சரியான டப்பியில்தான் இருக்கின்றன.

இருந்தாலும் நீ ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். சீக்கிரம் பதில் போடு.