அவிழ்த்த கொடி

அம்மாவுக்கு இசக்கிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

நேற்று எங்கள் ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடையில் புதிய சட்டைப் பிரிவைத் திறந்துவைக்க ஸ்ரீஹரி என்று ஒரு கிரிக்கெட் வீரன் வந்தான். மயிலாப்பூரில் பிறந்தவன். கனடாவுக்கு ஒன்பது வருடம் ஆடிக் கேப்டனும் ஆகிவிட்டு, இப்போது அமெரிக்காவுக்கு ஆடுகிறானாம். மரியாதைக்காக வாசலில் இரண்டு நாட்டுக் கொடியையும் கட்டியிருந்தோம். பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"கனடா கொடிய எடுத்துடுங்க. அங்க சும்மா கொஞ்ச நாள் ஆடினேன், அவ்ளோதான்."

ஒன்பது வருடம் சோறு போட்ட நாடு அம்மா, இவனுக்குக் கொஞ்ச நாளாம்! ஏணியில் ஏறி அவிழ்த்தது நான்தான். காறித் துப்பலாம் போலிருந்தது.

அப்புறம் சட்டை போட்டுப் பார்க்கும்போது, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று என்னிடம் கேட்டான்.

"மாம்பலம்தான் சார், இங்கயேதான் கீறேன்" என்று என் வாய் முந்திக்கொண்டது. அதுவும் இந்த ஊர்ப் பேச்சில்! அதற்குமேல் அவனை மனசுக்குள் திட்டக்கூட முடியவில்லை.

கருப்பட்டி அனுப்புங்கள். இங்கே கிடைப்பதை வாயில் வைக்க முடியவில்லை. அனுப்புநர் முகவரியில் ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கடையில் எல்லாரும் பார்க்கட்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
உடன்குடி இசக்கிமுத்து