வாங்கில் விரித்த வெள்ளை

என் பூமணியின் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதுகிற தூரத்துக்கு நீங்கள் போனதே இல்லையே. விடியக் கடற்படைச் சலவைக் கொட்டிலுக்குப் போவீர்கள், பொழுது சாயத் திரும்பி வருவீர்கள். துறைமுகத்தில் குண்டு விழுந்த காலையில் போனவர்தான். இப்போது ஒன்றரை வருடமாகிறது; கடற்படை உடுப்பை இப்போது நான்தான் தோய்க்கிறேன். என் எழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை வாசியுங்கள்.

ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. செல்லம்மா பள்ளிக்கூடத்தைக் குழப்பிவிட்டாளாம். மற்றவர்கள் உங்களிடம் கோள் சொல்ல முன்னர் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

குண்டுக்குப் பயந்து கிளிவெட்டிப் பக்கம் ஓடினவர்கள் அநேகமாக எல்லாரும் திரும்பி வந்துவிட்டோம். பெரிய பள்ளிக்கூடத்தின் கல் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மிஞ்சவில்லை. அதனால் சந்தைக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகில் ஒரு கொட்டில் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் சமமாக இருக்க வேண்டும் என்ற உத்தரவு முன்பே இருந்ததாம். அது கடதாசியை விட்டு இறங்குவதற்குக் கட்டடம் பறிபோக வேண்டியிருந்தது.

நீங்களும் நானும் படித்தது மண் தரையில். மாரியில் தரை ஊறிப்போய், எழும்பும்போது பின்பக்கமெல்லாம் சேறு. ஊருக்கெல்லாம் வெளுத்துக் கொடுக்கிறவர்களின் பிள்ளைகள் நாங்கள் சேற்று உடுப்போடு வீட்டுக்கு வருவோம். பூமணி பிறந்த அன்றே நீங்கள் சொன்னீர்கள், "என்ரை பிள்ளை வாங்கிலை இருந்து படிக்கவேணும்" என்று. அவளை முதல் நாள் அந்தக் கொட்டிலில் விட்டபோது நான் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வாங்குகள் கப்பலில் வந்த பெட்டிப் பலகைகளில் அடித்தவை. சீவுளியே படாதவை. முதல் நாளே சிராய் குத்தி அவளுடைய சட்டை கிழிந்துபோனது. துணி கிடைக்காத காலம் இது. எங்களிடம் இருந்த பழைய வெள்ளைத் துணி ஒன்றை நீளமாக மடித்துக் கொடுத்து, "வாங்கிலை விரிச்சுப்போட்டு இரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் செய்த பிழையும் அதுதான்.

மூன்று வெள்ளிக்கிழமை அந்தத் துணியையும் தன் உடுப்பையும் பூமணியே தோய்த்துக் காயப்போட்டாள். பிள்ளை பொறுப்பாக வளர்கிறாள் என்று எனக்குப் பெருமை. நாலாம் வெள்ளி அவளுக்குக் காய்ச்சல். நான் எடுத்தேன்.

அழுக்கைப் பார்த்து ஆளைச் சொல்கிற ஆட்கள் அல்லவா நாங்கள். ஒரு முனையில் மை. கொஞ்சம் தள்ளி நல்லெண்ணெய். அதற்கு அப்பால் சர்க்கரைப் பிசுக்கு, மறு முனையில் பலாப்பால். நாலு பிள்ளைகள் இருந்த துணி அது. பூமணியின் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மண்.

"இதிலை உன்ரை இடம் எது?"

"நான் கீழை, அம்மா."

"ஆர் உன்னைக் கீழை இருக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் விரிச்சனான். அவையள் இருந்திட்டினம்."

"வாத்தியார் பாக்கேல்லையோ?"

"பாத்தவர். வடிவாய் விரிச்சிருக்கிறாய் எண்டு சொன்னவர்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கலியாண வீட்டில் நாங்கள் வெள்ளை விரிக்கிறோம், அவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் இறங்கி முற்றத்தில் நிற்கிறோம். என் இடுப்பில் இருந்தபடி அவள் அதைத்தானே பார்த்து வளர்ந்தாள்? வெள்ளையை விரித்ததும் மிச்சத்தை அவளுடைய கால் தானாகச் செய்துவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உத்தரவு போட்டு வாங்கு வாங்கிக் கொடுத்தது அரசாங்கம். அதைத் திரும்பப் பறித்தது என் கை. நீங்கள் இருந்திருந்தால் அந்தத் துணியை மடிக்கும்போதே தடுத்திருப்பீர்கள்.

காய்ச்சல் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வெள்ளையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சிராய்க்கு என்ன செய்தேன் தெரியுமா? தேங்காய்ச் சிரட்டை உடைத்து, அந்த வாங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நானே சுரண்டினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய வாத்தியார் ஓடி வந்தார்.

"செல்லம்மா, இஞ்சை ஒருத்தரும் உன்ரை பிள்ளையைத் தடுக்கேல்லை. அவ தானாய்த்தான் கீழை இருந்தவ."

"ஓம் ஐயா, தானாய்த்தான். இனி மேலை இருப்பா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரிய ஆக்கள் பிள்ளையளை மறிச்சுப்போட்டால் பள்ளிக்கூடம் நடத்தேலாது. மூடினால் உன்ரை பிள்ளைக்கும் இல்லை. கொஞ்சம் பொறன்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் என்னை உலுக்கியது. பள்ளிக்கூடம் மூடினால் நான் யாரைக் குறை சொல்வேன்? ஆனால் தரையில் இருப்பதற்கென்றால் எங்கள் வீட்டிலேயே தரை இருக்கிறதே. பூமணியின் தோளைப் பிடித்து வாங்கின் நடுவில் இருத்திவிட்டு வந்தேன். அந்த நாலு பிள்ளைகளும் வாங்கில் இருக்காமல் சுவரோடு போய் நின்றார்கள்.

அன்று பின்னேரமே கனகம்மா வந்தா. உங்களுக்குத் தெரியும், உங்கள் தாய் காலத்திலிருந்து நாங்கள் வெளுக்கிற வீடு. அவவின் மகள் சரசுவும் அந்த நாலு பேரில் ஒருத்தி.

"எடி செல்லம்மா, இனி எங்கடை வீட்டு உடுப்பிலை நீ கை வைக்கவேண்டாம்."

"சரி அம்மா. நேவிக்காரன்ரை உடுப்புத் தோய்க்கவே நேரம் காணாமல் கிடக்கு."

"உனக்கு வாய் கூடிப்போச்சுது."

"குண்டுச் சங்கு ஊதினபோது பதுங்கு குழிக்குள்ளை என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள், அம்மா. அப்ப நான் வெள்ளை விரிக்கேல்லை."

அவ வெளுத்து வைத்திருந்த தன் வீட்டு உடுப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டா.

கனகம்மாவைவிட என்னை வருத்தியது உங்கள் அக்கா. "வெள்ளைக்காரன் எத்தினை நாளைக்கு இஞ்சை இருப்பான்? சண்டை முடிஞ்சு கப்பல் போனால் ஆரின்ரை உடுப்பைத் தோய்க்கப் போறாய்? உன்னாலை எங்கள் எல்லாருக்குமெல்லோ கதவு அடைபடும்" என்று கேட்டா. நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பூமணி படித்தால் இதற்கு அவள் பதில் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, நடந்ததைக் கேளுங்கள். அடுத்த நாள் அந்த நாலு பேரில் இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே மறித்துவிட்டார்கள். சரசு வந்தாள். கனகம்மா அவளை அனுப்பியது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கில் அவளுக்குப் பிரியம் என்று பூமணி சொல்கிறாள். வாங்கில் இருக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அவளும் இன்னொரு பிள்ளையும் நாள் முழுக்க நின்றார்கள். என் மகள் வாங்கில் தனியே இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. "எல்லாரும் என்னையே பாக்கினம், அம்மா. கீழை இருக்கேக்கை ஒருத்தரும் பாக்கேல்லை" என்றாள். அந்தச் சொல் என்னைக் கொன்றுவிட்டது. நான் அவளுக்கு நல்லது செய்கிறேனா, என் கோபத்தை அவள் தலையில் ஏற்றுகிறேனா? ஆனாலும் மறுநாள் காலை தலையை இழுத்து வாரி அனுப்பினேன்.

அன்றும் சரசு நின்றாள். நேற்று மூன்றாம் நாள். நின்று நின்று கால் உளைந்து, பெருக்கல் கணக்கின் நடுவில் வாங்கின் ஒரு முனையில் இருந்துவிட்டாளாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

"அம்மா, நாளைக்கு நான் எழும்பி நிக்கட்டோ? சரசுவின்ரை வீட்டிலை அவளுக்கு அடிச்சுப்போடுவினம்" என்று பூமணி கேட்டாள்.

பாருங்கள், அப்படியே உங்கள் குணம். பாவம் பார்த்தே இடத்தை விட்டுக் கொடுத்துவிடுவாள். அவளைப் பக்கத்தில் இழுத்து, "நீ எழும்பினால் அவளும் எழும்பத்தான் வேணும். நீ இருந்தால்தான் அவளும் இருக்கலாம்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் மூடப்படலாம். கப்பல்கள் போகலாம், கனகம்மா வீட்டுக் கதவும் அடைபட்டே கிடக்கலாம். ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வாங்கைவிட்டு உங்கள் மகள் எழும்புவது வாத்தியார் அவளிடம் கேள்வி கேட்கும்போது மட்டும்தான். பதில் சொல்லிவிட்டுத் திரும்ப இருப்பாள்.

உங்கள் மாமன் மகள்,
பூமணியின் தாய்,
செல்லம்மா