வீட்டு ஆள்

தாராவி, மும்பை.
9.9.2024

அன்புள்ள கணேசபாண்டியன் அண்ணனுக்கு, தங்கை சண்முகவடிவு வணங்கி எழுதுவது. இங்கே இருக்கிறோம். நீயும் மதினியும் உன் மகள் கோகிலவாணியும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் இந்த ஒற்றை அறையில் எல்லோருக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

அவருக்குப் புண் ஆறிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். மற்றதைத் தோல் வெட்டும் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. அதில் இவரைத் தவிர வேறு யாரையும் பட்டறை முதலாளி அய்யாத்துரை அத்தான் உட்காரவிட மாட்டார். கூடப்பிறந்த தம்பி என்ற நம்பிக்கை. இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

போன மாதம் லேபர் ஆபீசுக்குப் போனோம். அதே பட்டறையில் சிராஜுக்குக் கால் முறிந்தபோது இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். வெளியாள் என்பதால் அவன் பெயரைப் பதிந்திருந்தார்கள். அதிகாரி எங்களிடம் ஒரு தாளைக் காட்டினார். முன்பு அவர்கள் பட்டறைக்குச் சோதனைக்கு வந்தபோது இவர் எழுதிக் கொடுத்தது: நான் வேலையாள் அல்ல, வீட்டு ஆள், சம்பளம் கிடையாது. கீழே இவர் கையெழுத்து. பதினாறு வருஷம் உழைத்தவர் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன். தம்பி என் வேலையாள்தான் என்று இவருடைய அண்ணனே எழுதித் தந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் கஷ்டம் என்றுவிட்டார்.

அத்தானிடம் நான்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கூடப் பொறந்தவன கூலிக்காரன்னு என் கையாலயே எழுதச் சொல்லுதியா பிள்ள? ஒங்களுக்குச் சோறு போடாமலா விட்ருவேன்?" என்று அழுதுவிட்டார். அந்த அழுகை பொய்யில்லை அண்ணா. "அண்ணன அழ வச்சிட்டியே" என்று இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது அந்த மெஷினில் நான் உட்காருகிறேன். என் பெயரும் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

அத்தான் மகன் மகேஷ்குமாருக்குக் கோகிலவாணியைப் பேசி முடித்துவிட்டீர்களாம். தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. மருமகள் வந்துவிட்டால் பை தைக்க ஆள் தேட வேண்டாம் என்று இங்கே சந்தோஷப்படுகிறார்கள். அவள் மில்லில் அடையாள அட்டையோடு, பி.எப். பிடித்தத்தோடு வேலை பார்க்கிறவள். வெற்றிலை மாற்றியாயிற்று, நீ வாக்கு மாற மாட்டாய் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்திலும் மாறவில்லை. ஆனாலும் கேட்கிறேன், மில் வேலையை விடச் சொல்லி அவளிடம் எழுதி வாங்காதே.

கல்யாணத்துக்கு அத்தான் வீட்டில் எல்லோரும் வருகிறார்கள். ஆர்டர் இருக்கிறது, பட்டறையை நம்பி விட்டுவிட்டு வர நம் ஆள் வேண்டும் என்று எங்கள் இருவரையும் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தை எங்கே என்று பிள்ளை கேட்டால், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடு. அவள் தலையில் நான் போட வேண்டிய அட்சதையையும் மதினியே போடட்டும். நல்லா இருக்கட்டும் அவள்.

உன் தங்கை,
சண்முகவடிவு