வழி தவறி வருபவர்களுக்கு ஒரு பக்கம்

கம்பாலா

அன்பு மகன் கிஸ்ஸாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் இரட்டை அண்ணன்மாரும் சுகம். நீ சுகம் என்று எழுதாவிட்டாலும் சாப்பிட்டேன் என்றாவது எழுது, எனக்கு அது போதும்.

மழை பிடித்துக்கொண்டது, ஆனாலும் கல்யாணங்கள் குறையவில்லை, நம் பந்தலும் நாற்காலியும் ஓயாமல் வாடகைக்குப் போகின்றன. நீ போட்டுக்கொடுத்த வெப்சைட் பழசாகிவிட்டது, படிக்கிற பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நானே சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டேன், சிரிக்காதே. எந்த முகவரியைத் தட்டினால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வழி எழுதுகிறோம். பக்கத்தில் வைக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் பிறப்பு, இருப்பு, விடைபெறுதல் எல்லாம் உண்டாம். பந்தல் பக்கம் திறந்ததும் கல்யாண முரசு கொட்டட்டும் என்று வைத்த நான், பக்கத்தைவிட்டுப் போகும்போது நிறுத்தச் சொல்லி எழுத மறந்துவிட்டேன். நாற்காலிப் பக்கம் போனாலும் முரசு, பந்தலுக்குத் திரும்பினால் அதன்மேல் இன்னொரு முரசு, மூன்றாம் முறை வகுப்பே எழுந்து ஆடியது! டீச்சர் நாமுலிக்கு உன் வயதுதான் இருக்கும், "ஐயோ நாலோங்கோ, பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாச்சு, இன்னும் எதுக்கும்மா கொட்டறீங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரட்டையரைப் பெற்றவள் என்று ஊரே நாலோங்கோ என்று மரியாதையாக அழைக்கிறது, அந்த மரியாதை அன்றோடு போச்சு.

போன வாரம், இல்லாத முகவரியைத் தட்டி வருகிறவர்களுக்கு என்ன காட்டுவது என்று கேட்டாள். எல்லோரும் 'இந்தப் பக்கம் இல்லை' என்று எழுதினார்கள். எனக்குக் கை வரவில்லை. வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று நம் வீட்டில் யார் சொல்லியிருக்கிறோம்? எந்தத் தப்பு வழியில் வந்தாலும் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும்படி எழுதி, ஒரு நாற்காலிப் படம் போட்டு, 'வழி தவறினா என்ன, உட்காருங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்' என்று கீழே எழுதினேன். எங்கே வழி தப்பினோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றாள் நாமுலி. அது அவங்களுக்கு முன்னாடியே தெரியும்டி என்றேன்.

கிஸ்ஸா, உன்னைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பெரியவன் வாஸ்வா சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் வாயைப் பிடுங்கினேன். இந்த முகத்தோடு வீட்டுக்கு வர மாட்டேன் என்றாயாமே. அந்த முகத்தைப் பெற்றவள் நான், எனக்கு அதைப் பார்க்க வேண்டும், வா. என் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை எந்திரத்திடம் எழுதிக்கொண்டிருக்கிறேனே என்று அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும். ஓஸ்லோ குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, பேசப் பிடிக்காவிட்டால் சும்மா இரு, நான் பேசுகிறேன். முரசை நிறுத்த இப்போது கற்றுக்கொண்டேன். ஆனால் நீ வருகிற அன்று மூன்றையும் நிறுத்தமாட்டேன், யார் சிரித்தாலும் சரி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா நாலோங்கோ