மொட்டு உதிர்க்கும் கமேலியா

பெட்ரோசெலு
1983 பிப்ரவரி 9

மதிப்புக்குரிய கிராசியெத் அம்மா அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள். நான் இதலீனா. நீங்கள் விட்டுப் போன வீட்டில், நீங்கள் விட்டுப் போன பெல்மீருவோடு மூன்று வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

சண்டை போட எழுதவில்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான். வாசற்படிக்கு இடப்பக்கம் நீங்கள் நட்ட கமேலியா இருக்கிறதே, வெள்ளையில் ரோஸ் கோடு ஓடுமே, ஊரெல்லாம் ஜப்பான்காரி என்று கூப்பிடுமே, அதற்கு என்னவோ ஆகிவிட்டது. மொட்டு வைக்கிறது. ஆலிவ் காய் பருமனுக்கு வருகிறது. நாளைக்கு விரிந்துவிடும் என்று பார்த்தால் காலையில் பழுப்பேறிக் கீழே கிடக்கிறது. போன வருஷம் பாதி உதிர்ந்தது. இந்த வருஷம் ஒன்றுகூடத் தேறவில்லை.

பக்கத்து வீட்டு சுல்மீரா, “அது மூத்தவளோட சாபம்டீ. போகும்போது அந்தச் செடியத் தொட்டு என்னமோ முணுமுணுத்தா, நானே பாத்தேன்” என்கிறாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? சாபம் ஏதாவது விட்டீர்களா? விட்டிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா? ஈஸ்டர் அன்று வாசலில் தூவ எனக்கு அந்தப் பூ வேண்டும்.

பணிவுடன்,
இதலீனா


போர்ட்டோ
1983 பிப்ரவரி 17

இதலீனாவுக்கு,

உன் கடிதத்தை முதலில் திட்டிக்கொண்டே படித்தேன். அப்புறம் சிரித்துக்கொண்டே படித்தேன். தையல் கடையில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் திருப்புகிறவளுக்குச் சாபம் விட எங்கே நேரம்? அப்படியே விடுவதானாலும் செடிக்கா விடுவேன்? குத்துக்கல் மாதிரி ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கும்போது? முணுமுணுத்தது மட்டும் உண்மை. “உன்னக் கூட்டிக்கிட்டுப் போக முடியலடீ” என்று சொன்னேன். அவ்வளவுதான். சுல்மீராவுக்குக் காது நீளம், வாய் அதைவிட நீளம்.

ஆனால் உன் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. மொட்டு உதிர்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இலை எப்படி இருக்கிறது? ஓரம் கருகுகிறதா, இலை முழுக்க மஞ்சளா? நரம்பு என்ன நிறம்? வேரடியில் என்ன கொட்டுகிறாய், சோப்புத் தண்ணீரா, மத்தி மீன் கழுவிய தண்ணீரா? இன்னொன்றும் வெட்கப்படாமல் சொல்: பெல்மீரு குடித்துவிட்டு வந்து அதன் அடியில் ஒன்றுக்குப் போகிறானா? என் காலத்தில் போவான்.

கிராசியெத்


பெட்ரோசெலு
1983 மார்ச் 2

அன்புள்ள கிராசியெத் அக்காவுக்கு,

அக்கா என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் ஜன்னலோரம் காவல் இருந்தேன். அவர் போவது திராட்சைப் பந்தலுக்கு. நேராகவே கேட்டும் பார்த்தேன், காது வரைக்கும் சிவந்துவிட்டார். ஆகவே அவர் குற்றவாளி இல்லை. சோப்புத் தண்ணீர் கல்தொட்டியில்தான் போகிறது. மத்தித் தண்ணீர் சுல்மீராவின் பூனைக்கு.

இலை ஒன்று ஒட்டியிருக்கிறேன், பாருங்கள். உடம்பெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சுவரை ஒட்டிய பக்கம்தான் ரொம்ப மோசம், தெருப்பக்கம் அவ்வளவு இல்லை. இது ஏன் என்று எனக்கு மண்டை குடைகிறது. நேற்று பைன் சருகை விலக்கி மண்ணைக் கீறிப் பார்த்தேன். அடியில் ரொட்டி மேலோடு மாதிரி வெள்ளையாக ஒரு பொருக்கு உடைந்து வந்தது. பூசணமா அது?

உங்கள் கடிதம் வந்தது அவருக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்திருக்கும். கடிதத்தைச் சோளரொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

இதலீனா


போர்ட்டோ
1983 மார்ச் 10

இதலீனா,

பூசணமும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. அது சுண்ணாம்பு. அந்தச் செடிக்குச் சுண்ணாம்பு விஷம். புளித்த மண்ணில்தான் அது சாப்பிடும். சுண்ணாம்பு பட்டால் எதிரே சோறு இருந்தும் பட்டினி கிடக்கும். நரம்பு பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள் என்று நீ எழுதியபோதே நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது ஊர் வழக்கம்தான், நானும் அடித்திருக்கிறேன். அதில் இவ்வளவு பொருக்கு கட்டாதே. நீ எத்தனை பூச்சு பூசுகிறாய்? மீந்த வாளியை எங்கே கவிழ்க்கிறாய்?

கிராசியெத்


பெட்ரோசெலு
1983 ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்குள் இந்த வருஷமும் அடித்து முடித்திருந்தேன். வாளியையும் அங்கேதான் கவிழ்த்திருந்தேன். முற்றத்தில் கொட்டினால் கறை படியும், செடியடியில் ஊற்றினால் சருகு மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு பூச்சு அடிப்பார்கள், நான் மூன்று அடிக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஈஸ்டர் அன்று, அந்த உயிர்ப்பு ஞாயிறில், சாமியார் சிலுவையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவாரே, நம் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. எங்கள் கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை, பதிவு அலுவலகத்தில் நடந்தது. முதல் வருஷம் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் சுவர் அழுக்காக இருந்ததோ என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். சுவர் பளிச்சென்று இருந்தால், வாசலில் பூ நிறையக் கிடந்தால், மிதித்துத் தாண்டிப் போக மனசு வராது என்று ஒரு பைத்தியக்காரத்தனம்.

இந்த ஞாயிறு பூ இல்லை. பெருஞ்சீரகத் தழையும் ரோஸ்மேரியும் தூவினேன். மேசையில் முட்டைக் கேக், ஒயின், புது விரிப்பு. சிலுவைக்கு முன்னால் அடித்து வரும் மணிச் சத்தம் சுல்மீரா வீட்டில் கேட்டது. அப்புறம் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டில் கேட்டது. பெல்மீரு ஒவ்வொரு ஈஸ்டரும் அந்த நேரத்துக்குத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சாமியார்தான் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். கேக்கை இன்னும் நாங்களேதான் தின்றுகொண்டிருக்கிறோம்.

செடியைக் காப்பாற்ற வழி இருந்தால் சொல்லுங்கள். கொல்ல வேண்டும் என்று நான் செய்யவில்லை.

இதலீனா


போர்ட்டோ
1983 ஏப்ரல் 13

அன்புள்ள இதலீனா,

சிலுவை உன் வாசலைத் தாண்டிப் போன கதை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சட்டம் விவாகரத்து கொடுத்தாலும், கோயிலில் அவனைக் கட்டிய நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்காரி நான்தான், அது சாமியாரின் கணக்கு. இங்கே வாடகை அறையில் ஒற்றைக் கட்டிலில் படுத்திருக்கிறாள் அந்த வீட்டுக்காரி. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, செடிக்கு வருவோம். மண்வெட்டியைத் தொடாதே, வேர் மேலேயே ஓடும். கையால் சுரண்டி அந்த வெள்ளை மண்ணை எல்லாம் எடுத்துத் தூரக் கொட்டு. செஸ்ட்நட் காட்டில் மட்கிய இலைமண் கிடைக்கும், அதைப் போடு. திராட்சைக்குத் தூவும் கந்தகத்தில் ஒரு பிடி, ஒரே ஒரு பிடி, கலந்துவிடு. மேலே பைன் சருகு. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீர் பிடித்து வை. ஆகஸ்டில் காயவிடாதே. அடுத்த வருஷத்து மொட்டு அப்போதுதான் உள்ளே உருவாகும். சுவர் எப்படியும் போகட்டும். சுவருக்கு உயிர் இல்லை.

கிராசியெத்


பெட்ரோசெலு
1983 அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு எழுதாமல் நாளைக் கடத்திவிட்டேன், திட்டாதீர்கள். நல்ல சேதி வரட்டும் என்று காத்திருந்தேன். தெருப்பக்கக் கிளைகளில் கரும்பச்சையாகப் புது இலை வந்துவிட்டது! மழைத் தண்ணீரை அவர்தான் பீப்பாயில் பிடித்தார். ஆகஸ்ட் முழுக்க, நான் கேட்காமலே, சாயங்காலம் ஊற்றினார். ஊற்றும்போது செடியிடம் ஏதோ பேசினார். கிட்டப் போனேன், நிறுத்திவிட்டார்.

மொட்டும் வந்திருக்கிறது, ஒரே இடத்தில் மூன்று நான்காக. இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். நீங்கள் ஏன் போனீர்கள்? ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

இதலீனா


போர்ட்டோ
1983 நவம்பர் 3

அன்புள்ள இதலீனா,

ஒரு இடத்தில் ஒரு மொட்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப் போடு. மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளு. தெம்பில்லாத செடி எல்லாவற்றுக்கும் சோறு போடாது.

நான் போன கதை பெரிய கதை இல்லை. அவன் அடிக்கவில்லை, வேறு பெண் பின்னால் போகவில்லை. பேசமாட்டான். பிள்ளை இல்லை என்று ஆனபிறகு ஒரு வார்த்தை இல்லை. செவிடனுக்குச் சங்கு ஊதுகிற மாதிரி வருஷக்கணக்கில் பேசிப் பார்த்தேன். ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, பட்டப்பகலில், ஊர் பார்க்க நடந்து போய் பஸ் ஏறினேன். அவன் துரத்தவில்லை, நானாகத்தான் போனேன். அது ஊருக்கும் தெரியும். இத்தனை வருஷம் அந்த ஒரு கௌரவத்தை வைத்துத்தான் இங்கே நிமிர்ந்து நடக்கிறேன்.

செடியிடம் பேசுகிறானா? பேசட்டும். எங்காவது தொடங்க வேண்டுமே. உன்னிடம் பேசுகிறானா?

கிராசியெத்


பெட்ரோசெலு
1984 ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

என்னிடம் பேசுகிறார். கொஞ்சம்தான், ஆனால் பேசுகிறார். இதை எழுதவா வேண்டாமா என்று மாசக்கணக்கில் யோசித்தேன். உங்களுக்கு வலிக்குமோ என்று பயம்.

ஜப்பான்காரி பூத்துவிட்டாள்! சுவர்ப்பக்கம் இன்னும் மொட்டைதான். தெருப்பக்கம் மட்டும் பூ, ஒவ்வொன்றும் சாஸர் அகலம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு கிளையில் மட்டும் கோடே இல்லாமல் முழு ரோஸாக ஒரு பூ, அது ஏன்? ஈஸ்டர் இந்த வருஷம் தள்ளி வருகிறது. அதுவரை பூ நிற்குமா தெரியவில்லை. நின்றாலும் நான் தூவப் போவதில்லை. கதவையும் சாத்திவிடப் போகிறேன். மறுபடியும் அந்த மணி என்னைத் தாண்டிப் போவதை நின்று கேட்க என்னால் முடியாது, அக்கா.

இதலீனா


போர்ட்டோ
1984 ஏப்ரல் 14

அன்புள்ள இதலீனா,

வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் எழுதினாயே, அதுவே நல்லது.

அந்த ரோஸ் பூவை நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். செடியைப் பார்க்க, வேறு ஒன்றுக்கும் இல்லை. அடுப்படிப் பக்கம் ஒரு படுக்கை போட்டு வை. பூவைப் பறிக்காதே, கதவையும் சாத்தாதே.

கிராசியெத்


பெட்ரோசெலு
1984 ஏப்ரல் 26

என் அன்பு அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? திங்கட்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டீர்கள். கேட்க நினைத்ததைக் கேட்க விடவில்லை.

ஞாயிறு காலையில் நீங்கள் பூவைத் தூவுவதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுப்படிக்குள் ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டேன். மணி கேட்டது, நின்றது, ஏதோ பேச்சு. அப்புறம் நீங்கள் கூப்பிட்டீர்கள். வந்தால், கூடத்தில் சிலுவை நிற்கிறது! குனிந்து சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்தேன். பின்கதவில் பெல்மீரு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுகூட அப்புறம்தான் கண்ணில் பட்டது.

வாசலில் சாமியாரிடம் என்ன சொன்னீர்கள்? சாமியாரையே போய்க் கேட்டால், வாசலில் கேட்டது என்னோடேயே போகும் என்கிறார். சுல்மீரா இப்போது, “மூத்தவ புருஷனத் திருப்பி எடுத்துக்க வந்துட்டா, இளையவளுக்கு இனி சட்டி கழுவுற வேலைதான்” என்று ஊர் பூராவும் சொல்கிறாள். நான் நம்பவில்லை. ஆனால் தெரிந்தே ஆக வேண்டும்.

இதலீனா


போர்ட்டோ
1984 மே 4

என் அன்புத் தங்கச்சி,

சுல்மீரா இந்த ஒரு முறை முழுப் பொய் சொல்லவில்லை.

சாமியார் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், நின்றுவிட்டார். பின்னால் அந்தத் தெருவே நின்றது. “கிராசியெத், வீட்டுக்குத் திரும்பி வந்துட்டியா மகளே?” என்று கேட்டார். இல்லை, செடியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லலாம் என்றுதான் போர்ட்டோவிலிருந்தே நினைத்து வந்தேன். செடியைப் பார்க்க வந்தவளுக்காகச் சிலுவை உள்ளே வராது என்று அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று.

“வந்துட்டேன் சாமி” என்றேன்.

“உள்ள இருக்கிறது யாரு?” என்றார். யாரென்று அவருக்குத் தெரியாதா? “என் தங்கச்சி. அவளும் முத்தி செய்வா” என்றேன். நான் சொன்னது பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வர அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். அப்புறம் பூவை மிதிக்காமல், ஓரமாகக் கால் வைத்துப் படியேறினார்.

இனிமேல் ஊர், ‘நிமிர்ந்து போனவள் குனிந்து திரும்பி வந்தாள்’ என்று பேசும். பேசட்டும். அடுத்த ஈஸ்டருக்கு நான் வரமாட்டேன். நீயே வாசலில் நில். இந்த ஈஸ்டரில் உன் கையால் கேக் வாங்கித் தின்றவர், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகமாட்டார். அந்த ரோஸ் பூ ஏன் வந்தது என்று எனக்கும் தெரியவில்லை. சில சமயம் அந்தச் செடி ஒரு கிளையில் தன் இஷ்டத்துக்குப் பூக்கும். வெட்டாதே.

சிலுவைக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டேனே என்று போன வெள்ளிக்கிழமை இங்கே கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது, முழங்காலும் போட்டேன். செய்த பாவத்துக்கு உள்ளபடியே வருந்தும் மனஸ்தாபம் இல்லாமல் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று சின்ன வயசில் படித்திருக்கிறோமே. எனக்கு அந்த வருத்தம் வரவே இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

உன் அக்கா,
கிராசியெத்