மேல்வரிசைப் பல்

அக்கா,

பல் டாக்டர் அறையில் கிராம்புத் தைல நெடி. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் எடை பார்த்தார்கள். டாக்டர் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். "ரொம்ப இளைச்சிருக்கீங்கம்மா. மென்னு சாப்பிட முடியுதா?" என்று கேட்டாள். இதே கேள்வியை உன்னிடம் வீட்டில் ஒருவராவது கேட்டோமா? வர வர எதைத் தொட்டாலும் நினைப்பு உன்னிடம்தான் போய் நிற்கிறது. எனக்கும் அலுத்துவிட்டது.

பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தது அறுபதுகளின் கடைசியில். மூத்த மருமகள் நீ, நல்ல வாட்டசாட்டம். தறியில் ஒரு பாவு முடிந்தால் பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கவேண்டும். அந்த வேலையில் உன் கண்ணுக்கு ஈடு கிடையாது. அந்த ஆவணியில் உனக்குப் பல்வலி வந்தது. மேல்வரிசையில், கடைவாயில் இரண்டு சொத்தை. பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்று நீ பையை எடுத்தபோது நான்தான் சொன்னேன்.

"மேல் பல்லப் புடுங்கினா கண்ணு பூடும்க்கா. மாகறல்ல ஒரு பொம்பள அப்படித்தான் புடுங்கிக்கினு வந்துது. இப்ப செவுத்தத் தடவிக்கினு நடக்குதாம்."

நீ பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாய்.

அப்புறம் உனக்கு ஓயாத விரதம். வெள்ளி, சனி, கிருத்திகை, சஷ்டி. மற்ற நாளில் கஞ்சி. தெருப் பெண்கள் உன் பக்தியை மெச்சினார்கள். விரதம் என்றுதான் நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது. உன் ரவிக்கை தோளில் நிற்காமல் சரிய ஆரம்பித்தபோது பேச்சு மாறியது. டி.பி. என்றார்கள். மாமியார் உன் தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்கினார். நான் என் குழந்தையை உன் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனேன்.

ஒன்றரை வருஷம் கழித்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். படம் பிடித்துப் பார்த்த டாக்டர் எரிந்து விழுந்தார்.

"நெஞ்சுல ஒண்ணுமில்ல. இந்தப் பல்ல வெச்சிக்கினு எப்படிம்மா சோறு எறங்கும்? முதல்ல இதை எடு. தன்னால உடம்பு தேறும்."

நீ எடுத்துக்கொள்ளாமலே திரும்பி வந்தாய். அடுத்த திங்கட்கிழமை, மாகறல் கோயிலுக்குப் போகிறேன் என்று தனியாகப் பஸ் ஏறினாய். எலும்பும் தோலுமாக இருந்த உன்னை யாரும் தடுக்கவில்லை. பொழுது சாயத் திரும்பி வந்து படுத்தாய். மறுநாள் காலையில் போய் இரண்டு பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தாய்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதத்தில் வேர்க்கடலையை மென்றுகொண்டே பாவு பிணைத்தாய். ஆடிக்குள் ரவிக்கை பிடிக்க ஆரம்பித்தது. அப்போது ஒரு நாள் இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்.

"அன்னிக்கு நான் கோயிலுக்குப் போவலடி. அந்தப் பொம்பளயப் பாத்து, கண்ணு எப்படிப் போச்சுன்னு கேக்கப் போனேன். தெருத்தெருவா கேட்டேன். அப்படி யாருமே இல்லன்றாங்க."

"அப்போ வேற ஊரா இருக்கும்க்கா" என்றேன்.

"இருக்கும்" என்று நீயும் விட்டுவிட்டாய்.

வேறு எந்த ஊரிலும் அவள் இல்லை, அக்கா. மேல் பல்லை எடுத்தால் கண் போகும் என்பது ஊரே சொல்வது. மாகறல்காரி மட்டும் என் சொந்தச் சரக்கு. அன்றைக்குக் கல்யாணப் புடவைக்குப் பாவு பிணைக்கவேண்டியிருந்தது. நீ கன்னம் வீங்கிப் படுத்தால் அது என் தலையில் விழும். எனக்குக் கை வராது, மாமியார் வாயில் விழவேண்டும். அந்த ஒரு நாளைத் தள்ளத்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் போவாய் என்று நினைத்தேன். பிறகு சொல்லப் பயம், அதற்கப்புறம் வெட்கம். ஒரே அடுப்பில் அத்தனை வருஷம் சமைத்தோம். நீ கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

சோறு இறங்காத உடம்போடு வீடு வீடாகப் படியேறி, நான் உண்டாக்கிய ஒருத்தியின் கண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டு நீ வெயிலில் நடந்தாயே, அதை நான் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் அதுதான் இன்னும் என் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது.