நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

மார்ச் 4

அந்த டாக்டர் திருடன். பித்தப்பையில் கல், நாலு சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்று அக்காவுக்கு நாள் குறித்தவன், இன்று ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு ஸ்கேன் கேட்கிறான். ரத்தத்தில் ஏதோ கூடியிருக்கிறதாம். ஒரு கல் பையிலிருந்து நழுவிப் பித்தக்குழாயில் சிக்கியிருக்கலாமாம். போன வாரம் எடுத்த ஸ்கேனில் தெரியாத கல் இதில் மட்டும் எப்படித் தெரியும்?

மார்ச் 5

நேரிலேயே கேட்டேன். "புது மெஷின் வாங்கிட்டீங்க, அதுக்குத் தீனி போடணும். அதானே சார்?"

டாக்டர் கோபப்படவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. "சாதா ஸ்கேன்ல குழாயோட அடிப்பக்கத்தைக் குடல் மறைச்சிடும்மா. அங்க கல் இருக்கறது தெரியாம பையை மட்டும் எடுத்தா, காமாலையோட திரும்ப இங்கதான் வருவாங்க." பிறகு அக்காவிடம், "சிறுநீர் நிறம் மாறியிருக்கான்னு முதல்லயே கேட்டேனே?"

"எப்பவும் போலத்தான் சார்."

"எப்பவும்னா?"

"பால் விடாத டீ மாதிரி."

நான் முந்திக்கொண்டேன். "எங்க கம்பெனித் தையல் லைன்ல எல்லாருக்கும் அப்படித்தான் சார். நாப்பது பேருக்குக் கழிவறை டோக்கன் ஒண்ணுதான், அது கையில இல்லாம யாரும் எழுந்து போகக் கூடாது. அதனால யாரும் தண்ணி குடிக்கறதில்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 6

வேறு ஆஸ்பத்திரி போகலாம் என்றேன்.

"நீ ஊரையே சந்தேகப்படு. வலி எனக்குடீ," என்றாள் அக்கா. ஸ்கேனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மார்ச் 9

குழாயில் கல் இருக்கிறது. படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த குழாய்க்குள் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. படத்தை என் கையிலேயே கொடுத்தார்.

எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ அவள் உடம்பு! பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை — எனக்கும்தானே சிறுநீர் அதே நிறத்தில் போகிறது. திருடன் என்று எழுதியதை அடிக்கப் போவதில்லை. சொல் சரி. ஆள்தான் தப்பு; திருட்டு நடந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, எங்கள் லைனில்.

மார்ச் 12

வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 15

பித்தப்பையும் போயிற்று. "தண்ணி குடி, தண்ணி குடின்னு நர்ஸம்மா உயிரை வாங்கறாங்கடீ. இங்க டோக்கனே கிடையாதாம்!" சிரித்தாள். துளை போட்ட இடம் இழுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 20

மெஷின் மேல் ஒரு லிட்டர் பாட்டில் வைத்தேன். பத்து மணிக்குள் காலி. எழுந்து சூப்பர்வைசர் மேஜைக்குப் போனேன். டோக்கனை யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

"எனக்கு இப்பப் போகணும் சார். இன்னொரு டோக்கன் குடுங்க."

எனக்குப் பின்னால் இரண்டு மூன்று மெஷின்களின் சத்தம் நின்றது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.